பி. என்றால் பிச்சை

ஆறாம் வகுப்பில் ஒருநாள் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் எழுந்து நின்று இனிஷியலை விரித்துச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவன் “மு-ன்னா முத்துக்கருப்பன் சார்” என்றான். என் முறை வந்தது. “பி-ன்னா பிரகாசம் சார்” என்றேன். யோசித்து வைத்திருந்த பொய் இல்லை. வாய் தானாக எடுத்துக் கொடுத்துவிட்டது.

அந்தப் பிரகாசம் காலாண்டுப் பரீட்சை வரைக்கும்தான் எரிந்தது. மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்துப் போட வேண்டுமே. மற்ற அப்பாக்களைப் போல இரண்டு கிறுக்கு கிறுக்கி விடுகிற ஆள் இல்லை அவர். தபால்காரர். யார் கையெழுத்தையும் சரிபார்த்து வாங்கிப் பழகியவர் என்பதால், தன்னுடையதையும் ஓர் எழுத்து விடாமல், ‘ச்’சின் புள்ளியைக் கூடக் குட்டி வட்டமாகச் சுழித்து, ‘பிச்சை’ என்று போடுவார். பக்கத்துப் பெஞ்சுக்காரன் பார்த்துவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுவதும் “அம்மா தாயே” என்று என்னைப் பார்த்துக் கையேந்தியது.

அப்பாவுக்கும் விஷயம் எட்டியது. அடிப்பார் என்று நினைத்தேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, “பிரகாசம் நல்ல பேருதான்டா. ஆனா மணியார்டர் ஃபாரத்துல அந்தச் சின்னக் கட்டத்துல எழுத எடம் பத்தாது” என்றார். அவ்வளவுதான்.

இந்தப் பெயரை நான் பிறகு பல வருஷம் ‘பி’ என்ற ஒரே எழுத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். 2021 டிசம்பரில் பள்ளி கல்லூரிகளில் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு ஆணை போட்டபோது நண்பர்கள் பலருக்கு ‘எஸ்’ஸும் ‘ஆர்’ரும் வேறு எழுத்தாக மாறின. எனக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. ஆங்கிலத்திலும் பி, தமிழிலும் பி.

*

அப்பா பிறந்தது 1945இல், சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில். பிச்சையெடுப்பதைத் தடைசெய்து சென்னை மாகாணம் சட்டம் கொண்டுவந்ததும் அதே 1945தான். இதை எங்கேயோ படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். “அப்ப நான் சட்டவிரோதமாப் பொறந்தவனா?” என்றார்.

பெயர் வந்த கதையை அப்பத்தா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் முழுதாகச் சொன்னாள். அப்பாவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள். மூத்தது பிறந்து எட்டாம் நாள் கைகால் விறைத்து, பால் குடிக்க வாய் திறக்காமல் போய்விட்டது. ‘சன்னி’ என்று சொன்னாள். தொப்புள்கொடியைக் கதிரறுக்கிற அரிவாளால் அறுத்த காலம். இன்றைக்கு எந்த டாக்டரிடம் சொன்னாலும் அது என்னவென்று உடனே சொல்லிவிடுவார். இரண்டாவதை ஒன்றரை வயதில் “ஆத்தா வந்து எடுத்துக்கிட்டா.” அதாவது பெரியம்மை.

மூன்றாவதாக அப்பா. பிறந்த மூன்றாம் நாள் மருத்துவச்சி ஒரு முறத்தில் தவிட்டைப் பரப்பி, அதன்மேல் பிள்ளையைப் போட்டு, கொல்லை வாசல் வழியாக எடுத்துக்கொண்டு போனாள். முன்வாசல் கூடாது. அடுத்த தெருவில் ராவுத்தர் வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கு ஐந்தும் பிழைத்துக் கிடந்தன; அதனால்தான் அந்த வீடு. மருத்துவச்சி போய், “கேட்பாரில்லாத பிள்ளை, வாங்கிக்கிறீகளா?” என்று கேட்டாள். ராவுத்தரம்மா ஒரு படி தவிட்டை அளந்து கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். வியாபாரம் முடிந்தது. பேரம் பேசவில்லையா என்று நான் கேட்டதற்கு அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பத்தா, பச்சை உடம்போடு, ராவுத்தர் வீட்டு முன்வாசலில் போய் முந்தானையை ஏந்தி நின்றாள். “தாயே, பிள்ளையில்லாதவ வந்திருக்கேன். மடிப்பிச்சை போடுங்க.” ராவுத்தரம்மா உள்ளேயிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து முந்தானையில் போட்டார். “இது எம்புள்ள. வளக்கத்தான் ஒங்கிட்டக் குடுக்குறேன். பேரு பிச்சை.”

ஆக, பெயர் வைத்தது அப்பத்தாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. தவிடு கொடுத்து வாங்கியவர் வைத்த பெயர்.

தமிழ்நாட்டில் அண்ணன்மார் எல்லாரும் தம்பி தங்கைகளை ஒருமுறையாவது “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சொல்லி அழவிட்டிருப்பார்கள். கேலி என்று நினைத்துத்தான் சொல்கிறோம். எங்கள் வீட்டில் அது வரலாறு.

*

இந்தச் சடங்கை நான் ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் விவரித்தபோது அவர் சிரித்துவிட்டு, “சுத்தமான பினாமி பரிவர்த்தனை” என்றார். யோசித்தால் சரிதான். எமன் முகவரி வைத்துக்கொண்டு வருகிறான்: இன்னார் வீடு, இன்னார் பிள்ளை. வந்து பார்த்தால் அந்தப் பிள்ளை அந்த வீட்டுச் சொத்தே இல்லை. விற்றாகிவிட்டது. இப்போது இருப்பது வேறொருத்தியின் பிள்ளை, கைமாற்றாக வந்தது. எமன் என்ன செய்வான், ‘விலாசதாரர் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். (இந்த உவமை தபால்காரர் மகனுக்குத்தான் தோன்றும்.)

விலை ஏன் தவிடு? அரிசியாக இருக்கக் கூடாதா? கூடாது. அரிசி கொடுத்து வாங்கினால் அது விலைமதிப்புள்ள சரக்கு, கண்படும். மாட்டுக்கு வைக்கிற தவிட்டுக்கு வாங்கியதை எவன் திருடுவான்? பெயரும் அதே கணக்கில்தான். ராஜா என்று கூப்பிட்டால் எட்டு ஊருக்குக் கேட்கும். பிச்சை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

இந்தக் கூட்டத்தில் பிச்சை தனியாள் இல்லை. பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு, வேறொருத்தி எடுத்துக் கொடுத்தால் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள். ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்திவிட்டால் மூக்கன், மூக்கையா, மூக்காண்டி. பழுதுபட்ட பொருள் யாருக்கும் வேண்டாம் என்ற நினைப்பு. மண்ணாங்கட்டி என்றே பெயர் உள்ளவர்களும் உண்டு. தெலுங்கில் பெண்ட்டய்யா என்றால் குப்பைமேட்டைக் குறிக்கும் பெயர். பிச்சய்யாவும் உண்டு, தெலங்கானாவில் பிக்ஷபதியும் உண்டு. வங்காளத்தில் தீன்கொரி, மூன்று சோழிக்கு வாங்கியவன். பஞ்சாப் பக்கம் கசீட்டா, முறத்தில் வைத்து இழுத்துவரப்பட்டவன். போஜ்புரி நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன மாபெரும் கலைஞர் பிக்காரி தாக்கூர் (1887–1971). அவர் பெயருக்கே பிச்சைக்காரன் என்றுதான் பொருள். இந்த நாட்டில் எத்தனை பாஷை இருந்தாலும் எமனை ஏமாற்றத் தாய்மார்கள் கண்டுபிடித்த வழி ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் பாதிக் கதைதான். ஆண்பிள்ளைக்கு வைத்த மட்டமான பெயர் ஒரு நடிப்பு. ‘எனக்கு வேண்டாம்’ என்று எமனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, உள்ளே நெஞ்சோடு அணைத்துக்கொள்வது. பெண்பிள்ளைகளுக்கும் ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். அதில் நடிப்பு இல்லை. அது உண்மையிலேயே வேண்டாம். பிச்சையம்மாள் என்று பெயர் கொண்டவர்களையாவது கேட்டு வாங்கியிருக்கிறார்கள். போதும்பொண்ணுவைக் கேட்டவர் யாருமில்லை. இரண்டு வகையையும் ஒரே தலைப்பில் போட்டு ‘விநோதப் பெயர்கள்’ என்று பட்டியல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

*

சொல்லுக்கு வருகிறேன். வடமொழியில் பிக்ஷா, பிராகிருதத்திலும் பாலியிலும் பிக்கா, தமிழில் பிச்சை. பௌத்தத் துறவியைக் குறிக்கும் பிக்கு, பிக்குணி எல்லாம் இதே வேர்தான். இந்தச் சொல் வருவதற்கு முன்னால் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. ஐயம், இரத்தல், இரப்பு. “ஏற்பது இகழ்ச்சி”, “ஐயம் இட்டு உண்” இரண்டையும் ஔவை ஆத்திசூடியில் அடுத்தடுத்தே வைத்தாள். வாங்குவது கேவலம், கொடுக்காமல் உண்பதும் கேவலம். வள்ளுவர் இன்னும் ஒருபடி மேலே போய், இரந்துதான் வாழவேண்டும் என்றால் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று சபித்தே விட்டார்.

ஆனால் பிச்சை என்ற சொல் தமிழுக்கு வந்தபோது இழிவாக வரவில்லை. துறவியின் கையிலிருந்த பாத்திரத்தோடு வந்தது. மணிமேகலையில் ஒரு காதைக்குப் பெயரே ‘பாத்திரங்கொண்டு பிச்சைபுக்க காதை’. அடுத்தது ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’. அமுதசுரபியில் முதல் பிச்சையை யார் இடவேண்டும் என்பதற்கு ஒரு தனிக்கதையே வேண்டியிருந்தது; கற்பில் சிறந்த ஆதிரை இட்டால்தான் பாத்திரம் சுரக்கும். அந்த இடத்தில் பிச்சை ஏற்பதும் இடுவதும் சடங்கு, மரியாதை. பூணூல் போடும் அன்று பணக்கார வீட்டுப் பையனும் ‘பவதி பிக்ஷாம் தேஹி’ என்று சொந்த அம்மாவிடமே கையேந்துகிறான். “பிச்சை புகினும் கற்கை நன்றே” என்ற வரியைப் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கிறோம். அதே பள்ளியில்தான் என்னைப் பார்த்துக் கையேந்தினார்கள்.

பேச்சுவழக்கில் இன்றும் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். ‘பிச்சைக்காரப் பயலே’ திட்டு. ‘பிச்சை எடுத்தாராம் பெருமாள், அதைப் பிடுங்கினாராம் அனுமார்’ கிண்டல். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒருத்தி “மாங்கல்யப் பிச்சை குடுங்க டாக்டர்” என்று கேட்கும்போது அந்தச் சொல்லை யாரும் கிண்டல் செய்வதில்லை. உயிர்ப்பிச்சை, மடிப்பிச்சை, மாங்கல்யப் பிச்சை. காசு போட்டு வாங்க முடியாத எதைக் கேட்டாலும் அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் இதுதான். அப்பாவின் பெயர் இந்த இரண்டாவது வரிசையைச் சேர்ந்தது. கேட்கிறவர்கள் காதில் விழுவதோ முதல் வரிசை.

எல்லாப் பிச்சைகளும் எமனுக்குப் பயந்து வந்தவை என்றும் சொல்ல முடியாது. பிச்சாண்டி, பிச்சாண்டவர் என்றால் அது சிவன். பிரம்மனின் ஐந்தாவது தலையைக் கிள்ளியதால் கபாலம் கையில் ஒட்டிக்கொள்ள, வீடு வீடாகப் பிச்சைக்குப் போனவர். திருச்சிக்குப் பக்கத்தில் உத்தமர்கோயில் இருக்கும் ஊருக்குப் பெயரே பிச்சாண்டார்கோயில். திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் எட்டாம் நாள் பிச்சாண்டவர் புறப்பாடு உண்டு. தமிழகச் சட்டப்பேரவையில் 2021 முதல் துணைத்தலைவராக இருந்தவர் கு. பிச்சாண்டி, அவர் திருவண்ணாமலை மாவட்டக்காரர் என்பதில் ஆச்சரியமில்லை.

இதே பிச்சாண்டவருக்கு வடமொழியில் பிட்சாடனர் என்று பெயர். தாராசுரம் கோயிலில் இருந்த பிட்சாடனர் சிற்பத் தொகுதி இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். இடுப்பில் பாம்பைத் தவிர உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், மயங்கி நிற்கும் முனிபத்தினிகளுக்கு நடுவே அந்த அழகன். அப்பா அழகைப் பார்க்கவில்லை. பிட்சாடனருக்குக் காலில் பாதக்குறடு உண்டு என்று நான் சொன்னதும் அங்கேயே குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். சிவனுடைய மற்றக் கோலங்களில் இப்படி மிதியடி போட்டு நிற்பதைப் பார்ப்பது அரிது. நடந்து திரிகிறவர் என்பதற்கு அடையாளம். “இவரும் பீட்டுக்குப் போறவருதான்” என்றார் அப்பா. தபால்காரர்கள் தினமும் சுற்றுகிற வழிக்கு பீட் என்று பெயர். முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாக வாசலில் நின்று கூப்பிட்டவர். அவருக்கு அந்தச் சிலையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

*

மதக் கணக்கில் இந்தப் பெயரைப் போல நடுநிலையான பெயர் தமிழில் எனக்குத் தெரிந்து வேறில்லை. இந்துக்களில் பிச்சை, பிச்சையா, பிச்சைமுத்து, பிச்சைக்கண்ணு, பிச்சைப்பிள்ளை. கிறிஸ்தவர்களில் அந்தோணிப்பிச்சை, தேவபிச்சை. முஸ்லிம்களில் நாகூர்பிச்சை, பிச்சை ராவுத்தர். 2011இல் திருச்சி மேற்குத் தொகுதியில் வென்று அமைச்சரானவர் மரியம் பிச்சை. பதவியேற்ற ஒரே வாரத்தில் சாலை விபத்தில் இறந்துபோனார். யாரிடம் கேட்டு வாங்கினார்கள் என்பது மட்டும் முன்னால் மாறும். அந்தோணியாரிடம், நாகூர் ஆண்டவரிடம், தேவனிடம். கேட்டு வாங்கியது என்பது மாறாது.

அரபியில் ஃபக்கீர் என்றாலும் ஏழை, கையேந்துகிறவன்தான். நாகப்பட்டினம் தஞ்சாவூர்ப் பக்கம் அது பக்கிரி ஆனது. நாகூர் தர்காவில் நேர்ந்துகொண்ட இந்து வீடுகளில் பக்கிரிசாமி பிறந்தார். பக்கிரியில் சாமியைச் சேர்த்து ஒரு பெயரைச் செய்ய எவ்வளவு தாராளம் வேண்டும்!

சாதியிலும் அப்படித்தான். கும்பகோணத்தில் 1900இல் பிறந்து, தமிழில் புதுக்கவிதைக்கு வாசல் திறந்தவர்களில் ஒருவரான ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். இலக்கியத்தில் நிலைத்ததோ பிச்சமூர்த்திதான். வேங்கடமும் மகாலிங்கமும் சேர்ந்து நின்றும் ஒரு பிச்சையிடம் தோற்றுப்போன இந்தச் செய்தியை அப்பாவிடம் சொன்னேன். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

*

அப்பாவின் உத்தியோகத்துக்கும் பெயருக்கும் பொருத்தம் பார்த்து யாரும் வைக்கவில்லை. ஆனாலும் அமைந்துவிட்டது. அந்தக் காலத்தில் முதியோர் உதவித்தொகை மணியார்டராக வரும். எங்கள் பக்கத்து ஊர்களில் மாதம் பிறந்ததும் கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்து, “பிச்சை வந்திருச்சா?” என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அரசாங்கப் பணத்தைத்தான் கேட்கிறார்கள் என்று வெளியூர்க்காரன் நினைப்பான். ஆளைத்தான் கேட்கிறார்கள். ஒரு கிழவி கைநாட்டு வைத்துவிட்டுப் பணத்தை எண்ணாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “பிச்சை குடுக்குறத எண்ணக் கூடாது” என்பாளாம். அப்பா வற்புறுத்தி எண்ண வைப்பார். விதிப்படி எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.

சிரமங்களும் உண்டு. வாக்காளர் பட்டியலில் ஒரு தடவை ‘பச்சை’ என்று அச்சாகிவிட்டது. ரேஷன் கார்டில் ‘பிச்சையா’. ஆங்கிலத்தில் இன்னும் மோசம். நடுவில் டி போட்டு ஒன்று, டி இல்லாமல் ஒன்று, சி-எச் இரண்டு தடவை போட்டு ஒன்று என அவருடைய ஆவணங்களில் மட்டும் மூன்று பிச்சைகள் இருந்தார்கள். ஓய்வூதியக் கோப்பு ஒன்று இதனாலேயே நான்கு மாதம் தூங்கியது. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தோம். அந்த மேஜையில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, “பேரை மாத்திக்கலாமே பெரியவரே, கெஜட்டுல குடுத்தா முடிஞ்சுது” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அப்பாவும் மரியாதையாகவே, “வச்சவங்ககிட்டக் கேக்கணும் சார். அவுக இல்ல” என்றார்.

அவர் சொன்னது ராவுத்தரம்மாவை.

ராவுத்தரம்மா கடைசி வரைக்கும் அப்பாவை “எம்புள்ள” என்றுதான் சொல்வார். அப்பாவுக்குச் சொந்தத் தகப்பனார் அய்யா. ராவுத்தர், அவர் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவது போலவே, அத்தா. வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. முதல் சம்பளத்தில் அப்பத்தாவுக்கு ஒரு சேலை, ராவுத்தரம்மாவுக்கு ஒரு சேலை. அப்பாவுக்குப் பெண் பார்க்கப் போனபோது, “பையனுக்கு ரெண்டு தாயாரா?” என்று என் அம்மா வீட்டில் குழம்பிப் போனார்களாம்.

1983இல் ராவுத்தரம்மா மௌத்தானார். அப்பா அன்று பீட்டில் இருந்தார். யாரோ சைக்கிளில் போய்ச் சொன்னார்கள். பையைப் போஸ்டாபீசில் ஒப்படைத்துவிட்டு, காக்கி உடுப்போடே வந்து சேர்ந்தார். சந்தூக்கைச் சுமக்கத் தோள் மாற்றும்போது மூத்த மகன் நகர்ந்து இடம் விட்டார். பள்ளிவாசல் மையவாடியில் எல்லோரும் மூன்று கைப்பிடி மண் போடுவார்கள். அப்பாவும் போட்டார். எனக்கு அப்போது பத்து வயது. பிரகாசம் என்று பொய் சொல்வதற்கு ஒரு வருஷம் முன்னால். வீட்டுக்கு வந்ததும் அப்பா தலை முழுகிவிட்டு, மறுநாள் மொட்டை போட்டுக்கொண்டார். அது அவர்கள் வழக்கம் இல்லையே என்று அம்மா சொன்னதற்கு, “எனக்கு இருக்குல்ல” என்றார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் அடுத்த வருஷம் வகுப்பில் எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து வயசுக்காரனுக்கு எல்லாம் புரியும். பதினோரு வயசுக்காரனுக்குப் பக்கத்துப் பெஞ்சு இருக்கிறது.

*

பிச்சை என்று இப்போது யாரும் பெயர் வைப்பதில்லை. நாகரிகம் வந்துவிட்டது, வெட்கப்படுகிறார்கள் என்பார்கள். வெட்கம் பாதிதான். மீதி இந்தக் கணக்கு: 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தொடவில்லை. 2020இல் அது 28; தமிழ்நாட்டில் 13. பெரியம்மை 1975க்குப் பிறகு நாட்டிலேயே இல்லை. பச்சைக் குழந்தைகளை எட்டாம் நாள் கொண்டுபோன ரணஜன்னியை (டெட்டனஸ்) ஒழித்துவிட்டதாக இந்தியாவை 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. கர்ப்பிணிக்குப் போடுகிற ஓர் ஊசியும் கொடியறுக்க ஒரு புது பிளேடும் செய்த வேலை அது. எமனிடம் பொய் சொல்ல வேண்டிய தேவை குறைந்ததும் பெயரும் குறைந்தது. இந்தப் பெயரை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று யாராவது பண்பாட்டு ஆர்வத்தில் கிளம்பினால் நான் அவர்களோடு இல்லை. அது திரும்பி வராமல் இருப்பதே நல்லது.

அதே 2015இல்தான் சுந்தர் பிச்சை கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். 1972இல் மதுரையில் பிறந்த அவருடைய முழுப்பெயர் பிச்சை சுந்தரராஜன். இங்கே முன்னால் நின்ற பிச்சை, அமெரிக்காவில் குடும்பப் பெயராகப் பின்னால் போய் நின்றது. அன்றைக்குச் செய்தி வந்ததும் அப்பாவுக்கு ஏழெட்டுப் பேர் போன் செய்தார்கள். “ஒங்க ஆளு பெரிய எடத்துக்குப் போயிட்டாராமே.” இரண்டு நாள் இவர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார். ஆனாலும் அந்த வருஷம் ஊரில் பிறந்த ஒரு பிள்ளைக்கும் பிச்சை என்று பெயர் வைக்கவில்லை. சுந்தர் என்று இரண்டு பேருக்கு வைத்தார்கள்.

என் மகள் இப்போது கனடாவில் வேலை பார்க்கிறாள். பாஸ்போர்ட் எடுக்கும்போது எனக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தேன். அவளுக்கும் அதையே போட்டுவிட்டோம். நான் ஓர் எழுத்துக்குள் அமுக்கி வைத்திருந்தது அவளுடைய ஆபீஸ் மேஜையில் பலகையாக நிற்கிறது. போன மாதம் வீடியோ காலில் தாத்தாவோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் தாத்தாவை ஐயா என்பது வழக்கம்.

“ஐயா, இங்க எல்லாரும் ஒங்க பேரச் சொல்லித்தான் என்னையக் கூப்பிடுறாக. மிஸ் பிச்சாய், மிஸ் பிச்சாய்னு.”

அப்பாவுக்குக் காது மந்தம். போனைக் கிட்டத்தில் வாங்கி, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள்.

“பிச்சாயா?” என்றார். “ச்-ச அழுத்திச் சொல்லச் சொல்லு தாயி. கடைசில ஐ.”